பாயும் வெண்கலக் குதிரை ஏன் கவிழவில்லை?

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றங்கரையில், பேரரசர் முதலாம் பீட்டரின் நினைவாக எழுப்பப்பட்ட வெண்கலச் சிலை 1782-ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி எட்டியென் மாரிஸ் ஃபால்கோனே வடித்த இச்சிலையில், அரசரோடு சேர்த்து 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குதிரை பாறை விளிம்பில் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கியபடி நிற்கிறது. உயிருள்ள குதிரையால்கூடச் சில நொடிகளுக்கு மேல் இப்படி நிற்க முடியாது. அந்த நொடிகளைக் கண்ணால் பிடிப்பதற்காக, பீடத்தைப் போன்ற மேடொன்றை அமைத்து, அதன்மேல் குதிரைவீரர் ஒருவரை மீண்டும் மீண்டும் பாய்ந்தேறி உச்சியில் சட்டென நிறுத்தச் செய்து, ஒவ்வொரு முறையும் ஃபால்கோனே வரைந்துகொண்டார்.

ஒரு பொருள் கவிழாமலிருக்க, அதன் புவியீர்ப்பு மையத்திலிருந்து இறக்கும் தூக்குநூல், அது தரையில் ஊன்றியுள்ள இடங்களை இணைக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். இரண்டு குளம்புகளை இணைத்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கோடுதான். மார்பு, கழுத்து, தூக்கிய கால்கள், அரசரின் நீட்டிய கை ஆகிய அனைத்தும் அக்கோட்டுக்கு முன்னால் இருப்பதால், உடல் முழுவதும் ஒரே கனத்தில் வார்க்கப்பட்டிருந்தால் சிலை முன்புறம் சாயவே முற்படும். உயிருள்ள குதிரை காலை மாற்றி வைத்துச் சமாளித்துக்கொள்ளும். வெண்கலத்துக்கு அந்த வசதி இல்லை.

விடை மெழுகில் இருந்தது. களிமண் கருவின்மேல் மெழுகைப் பூசி, அதன்மேல் அச்சு கட்டிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச் சென்ற இடைவெளியில் உலோகம் நிரம்பும். (சுவாமிமலைப் படிமங்களும் மெழுகு வார்ப்பே, ஆனால் அவை பெரும்பாலும் உள்ளே கருவில்லாத கனவார்ப்பு.) ஆகவே எந்த இடத்தில் எவ்வளவு மெழுகோ, அந்த இடத்தில் அவ்வளவு வெண்கலம். முன்பகுதியின் சுவர் 1 சென்டிமீட்டருக்கு மிகாதபடி மெல்லியதாகவும், பின்பகுதி தடிமனாகவும் அமைக்கப்பட்டன. போதாததற்குப் பின்பகுதிக்குள் 4 டன்னுக்கும் மேற்பட்ட இரும்பு சேர்க்கப்பட்டது.

குதிரையின் காலடியில் நெளியும் பாம்பைப் பகைவரின் உருவகம் என்று விளக்குவார்கள். கட்டுமானக் கண்ணோடு பார்த்தால் அது முதலில் ஒரு முட்டு: குதிரையின் வால் அதன்மீது படிவதால் மூன்றாவது ஊன்றுபுள்ளி கிடைத்து, கோடு முக்கோணமாகிவிடுகிறது. ஃபியோதர் கோர்தியேவ் வடித்த அப்பாம்பு இல்லையென்றால், காற்று பலமாக வீசும் அந்த ஆற்றங்கரையில் சிலையின் நிலை கவலைக்கிடம்தான்.

மெல்லிய சுவருக்கு ஓர் ஆபத்து உண்டு. குறுகிய இடைவெளியில் ஓடும் உலோகம் கடைக்கோடியை எட்டுமுன் ஆறி உறைந்துவிடக்கூடும் என்பதால், அதை மிகுந்த சூட்டில் ஊற்ற வேண்டும். 1775-இல் நடந்த வார்ப்பின்போது உருகிய வெண்கலம் கசிந்து பட்டறையில் தீப்பிடித்தது. மற்றவர்கள் ஓடிவிட, வார்ப்பாளர் எமெலியான் கைலோவ் அங்கேயே நின்று கசிவை அடைத்துப் பெரும்பகுதியைக் காப்பாற்றினார். கெட்டுப்போன மேற்பகுதி பின்னர் தனியாக வார்க்கப்பட்டது.

உள்ளே கூடாக இருப்பதால் வேறொரு தொல்லையும் வந்தது. விரிசல்கள் வழியே புகும் மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கும். குளிர்காலத்தில் உறைகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து சுவரை நெருக்கும். உள்ளிருக்கும் இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும். 1909-இல் குதிரையின் பின்புறத்திலுள்ள மூடியைத் திறந்தபோது, வாளி வாளியாகத் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது.