பின்னால் கொஞ்சம் தண்ணீர்தானே?

மேட்டு மண் சரியாமல் தாங்கக் கட்டும் தடுப்புச் சுவர்களில், இந்த மழைக்காலத்தில் நான் போய்ப் பார்த்த மூன்றாவது சுவர் இது. நடுவில் வயிறு தள்ளி, அடியில் நீளமாக விரிசல் விட்டு நின்றது. தண்ணீர் வடிவதற்காக விட்டிருந்த ஓட்டைகளையெல்லாம் சிமென்ட் பூசி அடைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "கறை கறையாக வழிகிறது சார். பின்னால் நாலு விரல் இடுக்குதானே, அதில் எவ்வளவு தண்ணீர் நின்றுவிடப் போகிறது?"

எவ்வளவு தண்ணீர் என்பது இந்தக் கணக்கிலேயே வராது. எவ்வளவு உயரம் என்பது மட்டும்தான் கணக்கு. நாலு விரல் இடுக்கில் 3 மீட்டர் நின்றாலும், ஒரு ஏரியே 3 மீட்டர் ஆழத்துக்குச் சாய்ந்து நின்றாலும் சுவருக்கு ஒரே தள்ளல்தான். சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ் கணித அறிஞர் 1586-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். நம் ஆட்களுக்கு இன்னும் லிட்டர் கணக்குதான்.

சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும், 1 மீட்டர் உயரத் தண்ணீர் அரை டன் தள்ளும். 2 மீட்டருக்கு 2 டன். 3 மீட்டருக்கு நாலரை டன். சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை இன்னும் மோசம்: உயரம் மூன்று மடங்கானால் அது 27 மடங்கு. மண்ணின் தள்ளல் தனி.

"அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தோம், முள் அசையவே இல்லை" என்றார் மேஸ்திரி. எங்கே மாட்டினீர்கள்? மேல் ஓட்டையில்! நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் முள் எப்படி அசையும்? அதுவும் 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை காட்டும் கேஜ். 10 மீட்டர் தண்ணீருக்கே ஏறக்குறைய 1 பார்தான் வரும். இதற்கு மட்டம் பார்க்கும் டியூபே போதும். சுவர் கெடாமல் இருந்த ஓரத்தில், அடி ஓட்டை ஒன்றைத் திறந்து டியூபைச் செருகி, சுற்றி அடைத்துத் தூக்கிப் பிடித்தேன். டியூபில் தண்ணீர் 2.4 மீட்டரில் நின்றது. சுவரின் மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 3 டன். அப்புறம் மேஸ்திரி பேசவில்லை.

வயிறு தள்ளிய சுவருக்கு முன்னால் நிற்காதீர்கள், வண்டியும் நிறுத்தாதீர்கள். அடைத்த ஓட்டைகளை நீங்களே உளி வைத்து உடைக்கவும் வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேலே மண் நனைவதற்கு முன்பே மழைநீரை வேறு பக்கம் திருப்புங்கள். நல்ல சுவரில் கறைதான் கஷ்டம் என்றால், தயவுசெய்து, ஓட்டையில் ஒரு சிறு குழாயைச் செருகி நாலு அங்குலம் வெளியே நீட்டிவிடுங்கள். தண்ணீர் சுவரில் படாமல் விழும்.