டியூஷனுக்கு அனுப்பும் முன் ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள் நான். பெற்றோர் கூட்டம் என்றால் என்னிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: "டீச்சர், மற்ற பாடமெல்லாம் வருகிறது, கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை." அடுத்து, எந்த டியூஷனுக்கு அனுப்பலாம் என்ற கேள்வி. அனுப்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்:

8 + 4 = □ + 5

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கட்டத்தில் 12 என்று எழுதினால் வியக்க வேண்டாம். எட்டாம் வகுப்பிலும் எழுதுகிறார்கள். சிலர் 12 எழுதிய கையோடு, கடைசியில் இன்னொரு சமக்குறி போட்டு 17 என்று முடித்தும் வைக்கிறார்கள். கூட்டலில் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எட்டும் நான்கும் பன்னிரண்டுதான். வாசிப்பில்தான் கோளாறு. சமக்குறியை 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். கால்குலேட்டர் பொத்தானும் அவர்களுக்கு அதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உண்மையில் அந்தக் குறி கட்டளையிடுவதில்லை. இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே என்று ஒரு செய்தி சொல்கிறது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இதே வரியைக் கொடுத்தேன். 12 எழுதினாள். "கண்ணு, இதை வாய்விட்டு வாசி" என்றேன். "எயிட் பிளஸ் ஃபோர் ஈக்குவல் டு கட்டம் பிளஸ் ஃபைவ்" என்று மளமளவென்று ஒப்பித்தாள். "சரி, தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்" என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மெல்லத் தொடங்கினாள்: "எட்டும் நான்கும் சேர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவு..." அந்த 'அவ்வளவு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். குனிந்து 12ஐ அடித்துவிட்டு 7 என்று எழுதினாள். நான் எதையும் விளக்கவில்லை.

கணக்கு வராத பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் வராதது வாசிப்பு. குறிகளால் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு முழு வாக்கியம். அதற்கு எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. அதை யாரும் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை, போடத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

இன்னொரு பழக்கம், பெரியவர்களுக்கும் உண்டு. தேங்காய் ஒன்று 25 ரூபாய் வீதம் நான்கு, அதோடு 30 ரூபாய்க்கு வெல்லம். எவ்வளவு?

25 × 4 = 100 + 30 = 130

விடை சரி. ஆனால் அந்த வரி சொல்வது, 25ஐ நான்கால் பெருக்கினால் 130 என்று! கீழ் வகுப்புகளில் இதற்கு முழு மதிப்பெண் போட்டு விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சமன்பாடு வரும்போது இதே பிள்ளை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சமக்குறியைப் போட்டு, எது எதற்குச் சமம் என்றே தெரியாமல் திணறும். இரண்டு வரியாகப் பிரித்து எழுதச் சொன்னால் தீர்ந்தது.

குறிகள் இல்லாமலும் கணிதம் நடந்திருக்கிறது. நம் கேரளமே சாட்சி. 14ஆம் நூற்றாண்டின் சங்கமகிராம மாதவன் பை என்ற எண்ணுக்கு முடிவிலாத் தொடர் கண்டார்: ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே போய்க்கொண்டிருந்தால் பையின் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதைக் கண்டது 1670களில்தான். மாதவனின் இந்த முடிவை ஜேஷ்டதேவன் ஏறத்தாழ 1530இல் 'யுக்திபாஷா' நூலில் நிறுவிக் காட்டினார். மலையாளத்தில், உரைநடையில். அதில் கூட்டல் குறியும் இல்லை, சமக்குறியும் இல்லை. நாம் ஒரே வரியில் முடிப்பதெல்லாம் அங்கே பத்தி பத்தியாக ஓடுகிறது. குறிகள் இல்லாதது அந்த அறிவுக்குத் தடையாக இருக்கவில்லை. படிக்கிறவரின் நினைவாற்றலுக்குத்தான் பெரும்பாரம். அதைக் குறைக்க வந்தவைதான் குறிகள். சமக்குறியை 1557இல் அச்சில் முதலில் போட்ட ராபர்ட் ரெக்கார்ட், 'சமமாக இருக்கிறது' என்று திரும்பத் திரும்ப எழுதும் தொல்லை தாளாமல், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்று சொல்லி அதைத் தேர்ந்தெடுத்தார். கூட்டல், கழித்தல் குறிகள் அதற்கும் முன்பே, 1489இல், யோகான்னஸ் விட்மன் எழுதிய வணிகக் கணக்கு நூலில் அச்சேறிவிட்டன. சரக்கு எடையில் கூடுதலையும் குறைவையும் காட்ட அவை அங்கே பயன்பட்டன. எங்கள் பக்கத்து வேலந்தாவளம் சந்தையில் மூட்டை நிறுக்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இனி எழுத்துகள். பாடப்புத்தகம் எக்ஸ் என்று போடுவதை இங்கே 'அ' என்று எழுதுகிறேன். எந்த எழுத்தானாலும் பொருள் மாறாது. 3அ என்றால் என்ன? அ-வின் மதிப்பு 5 என்று சொன்னால், 35 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையைத் திட்டாதீர்கள், அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. 35இல் இரண்டு எண்கள் ஒட்டி நின்றால் மூன்று பத்தும் ஐந்தும். 3½ என்றால் மூன்றும் அரையும், அதாவது கூட்டல். 3அ என்றால் மட்டும் பெருக்கல். ஒட்டி நிற்பது ஒன்று, பொருள் மூன்று.

இதற்கு நான் பழைய தமிழ் எண்களைக் கரும்பலகையில் எழுதுவேன். ௩௱ என்றால் மூன்று நூறு, முந்நூறு. ௱௩ என்றால் நூறும் மூன்றும், நூற்றுமூன்று. சிறிய எண் முன்னால் வந்தால் பெருக்கல், பின்னால் வந்தால் கூட்டல். முந்நூறையும் நூற்றுமூன்றையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளாத பிள்ளைக்கு, 3அ என்பது 'மூன்று நூறு' என்பதன் தம்பிதான் என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறது.

எழுத்து எண்ணைக் குறிக்கிறது, பொருளை அல்ல. இது பெரியவர்களையும் சறுக்க வைக்கும் இடம். 'ஒரு தோப்பில் பனைகளைப் போல ஆறு மடங்கு தென்னைகள். தென்னைகளின் எண்ணிக்கை த, பனைகளின் எண்ணிக்கை ப. சமன்பாடு எழுதுக.' வகுப்பில் பாதிப் பேர் 6த = ப என்று எழுதுவார்கள். ஆறு தென்னைக்கு ஒரு பனை என்று மனத்தில் படம் ஓடுகிறது. அதை அப்படியே சுருக்கெழுத்தாக்கிவிடுகிறார்கள். பனை 10 என்றால் தென்னை 60. அந்த எண்களைப் போட்டுப் பார்த்தால், 6 × 60 = 10 என்று வந்து வண்டவாளம் வெளியாகிவிடும். சரியானது த = 6ப.

சொல்லின் வாடையைப் பிடித்துக்கொண்டு குறியைப் போடுவதும் உண்டு. 'வாக்களிக்கக் குறைந்தது 18 வயது' என்றால், 'குறை' என்று காதில் விழுந்ததுமே ≤ (அதற்குச் சமம் அல்லது குறைவு) போட்டுவிடுவார்கள். 18, 19, 70 எல்லாம் வாக்களிக்கலாம் என்பதால் ≥ (அதற்குச் சமம் அல்லது அதிகம்) தான் வரும். 'அதிகபட்சம் 40 பேர்' என்றால் ≤. பொருந்தும் எண்கள் இரண்டை எழுதிப் பார்த்துவிட்டுக் குறி போடு என்பதுதான் என் வகுப்பில் சட்டம்.

கழித்தல் குறிக்கு இரட்டை வேலை: கழிப்பதும் அதுதான், குறை எண்ணைக் காட்டுவதும் அதுதான். −3² என்றால் வர்க்கம் 3க்கு மட்டும், அதனால் −9. (−3)² என்றால் குறியையும் சேர்த்து வர்க்கம், அதனால் 9. எக்செலில் தட்டினால் முதலாவதற்கும் 9 வரும், அது அந்தச் செயலியின் வழக்கம், தேர்வுத்தாளில் செல்லாது.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் 8 ÷ 2(2 + 2) புதிருக்கு விடை கேட்டு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: எழுதியவரிடம் போய் இன்னும் ஓர் அடைப்புக்குறி கேளுங்கள். 2(2 + 2) என்பதை முதலில் முடித்தால் 1, 8 ÷ 2 என்பதை முதலில் முடித்தால் 16; இரு தரப்பும் சண்டையிட வேண்டாம், வரியே அரைகுறை. 1659இல் அச்சில் வகுத்தலுக்கு வந்த ÷ குறியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே இன்றைய சர்வதேசத் தர விதி சொல்கிறது. பின்னமாக எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

எஸ்எஸ்எல்சி வினாத்தாள் மலையாளம், தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று வந்தாலும், குறிகள் உள்ள வரி எல்லாவற்றிலும் ஒன்றே. பிளஸ் ஒன் போனதும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறும்போது நம் பிள்ளைகள் கையில் மிஞ்சுவது அந்த வரிதான். அதனால் பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களை ஒரு சின்ன நோட்டு போடச் சொல்கிறேன்: குறி, அதை ஆங்கிலத்தில் வாசிக்கும் விதம், தமிழில் முழு வாக்கியம். அதில் முதலில் எழுத வேண்டியது முக்கோணவியலில் கோணத்தோடு வரும் சைன் (sin). சைனின் தலையில் 2 இருந்தால் அது வர்க்கம். அதே இடத்தில் −1 இருந்தால் ஒன்றை சைனால் வகுப்பது அல்ல, எந்தக் கோணத்துக்கு இந்த சைன் மதிப்பு என்று திருப்பிக் கேட்கும் நேர்மாறு. ஒரே இடத்தில் ஏன் இரண்டு விதி என்று வகுப்பில் எழுந்து கேட்கட்டும். கேட்டால் ஆசிரியர் கோபிக்க மாட்டார்.