சத்தம் கூடாமல் டர்போ காருக்கு எக்ஸாஸ்ட்

ரீமேப் செய்த (இன்ஜினின் கணினி மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டிய) டர்போ காருடன் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: "எக்ஸாஸ்ட் மாற்ற வேண்டும், ஆனால் சத்தம் கூடக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது." இதைச் சொன்னதும் வேறு கடைகளில் அவர்களுக்குக் கிடைத்த பதில், "பவர் வேண்டுமென்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்பது. அது உண்மையல்ல. புகை தடையில்லாமல் வெளியேறுவது ஒன்று, அது எழுப்பும் ஓசை வேறொன்று. இரண்டையும் பிரித்துக் கையாளத் தெரியாதவர்கள்தான் இரண்டையும் சேர்த்து விற்கிறார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190(2)-வது பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சத்தம் குறைவாக இருப்பதால் மட்டும் ஒரு மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது. கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகவே தயாரிக்கும் கார் வேறு. தினமும் அலுவலகம் போகும் காரில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. சத்தம் மட்டுமல்ல, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் அந்த நச்சுப் புகையைத்தான் சுவாசிக்கிறார்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் இழுவை கிடைக்கும்" (அதாவது, புகைக்குழாயில் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும்) என்ற பழைய பேச்சு டர்போவுக்குப் பொருந்தாது. டர்போவில் புகையால் சுழலும் சக்கரம்தான் டர்பைன். அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. பின்னால் தடை குறையக் குறைய டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும். டர்பைன் சக்கரமே புகைத் துடிப்புகளை உடைத்து விடுவதால், டர்போ கார் இயல்பிலேயே அமைதியானது. நமக்கு இது பெரிய சாதகம்.

தடை எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். கேட்டலிட்டிக்குக்கு முன்னால் ஆக்சிஜன் சென்சார் இருக்கும் துளையில் ஓர் எஃகுக் குழாயைப் பொருத்தி, அதன் முனையில் பிரஷர் கேஜ் மாட்டி, முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கேட்டலிட்டிக்குக்குப் பின்னால் உள்ள துளையிலும் அதேபோல் ஓர் அளவு. பெரும்பாலான கார்களில் அழுத்தத்தின் பெரும்பகுதி டவுன்பைப்பிலும் (டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய்) கேட்டலிட்டிக்கிலும்தான் தெரியும். கடைசி சைலன்சரை வெட்டி எறிந்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கிடைத்து வேகம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

இதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. முழு வேகத்தில் டர்பைனிலிருந்து புகை 800 டிகிரி செல்சியஸ் அளவில் வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் குழாயை அடையும்போது 350 டிகிரிக்கு ஆறிவிட்டால், முன்னால் 10 லிட்டர் இடம் பிடித்த அதே புகை பின்னால் 6 லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே முன்னால் அகலக் குழாய், பின்னால் ஓர் அளவு சிறியது என்பது முற்றிலும் நியாயமான அமைப்பு. முழு நீளத்துக்கும் 3 இன்ச் விட்டமுள்ள குழாய் போடச் சொல்கிறவர் பெரும்பாலும் உங்களுக்குத் தேவையில்லாத ஓசையைத்தான் விற்கிறார்.

ஃபோக்ஸ்வாகன் போலோவில் வந்த மூன்று சிலிண்டர் 1.0 டி.எஸ்.ஐ. டர்போ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அளவு 110 பி.எஸ். மிதமான ரீமேப்புக்குப் பிறகும் அதற்கு 3 இன்ச் குழாய் தேவையே இல்லை. இத்தகைய காருக்கு என் முதல் ஆலோசனை, எக்ஸாஸ்ட்டைத் தொடாதீர்கள் என்பதுதான். அளந்து பார்த்துத் தடை இருந்தால் மட்டும், தடை குறைந்த நல்ல ஹை ஃப்ளோ கேட்டலிட்டிக்குடன் 2.5 இன்ச் டவுன்பைப் போதும். நடுக் குழாயும் கடைசி சைலன்சரும் கம்பெனியுடையதே இருக்கட்டும். ரீமேப்புக்குப் பிறகு 300 குதிரைத்திறனைத் தொடும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற 2 லிட்டர் கார் என்றால் 3 இன்ச் டவுன்பைப், பின்னால் 2.5 அல்லது 2.75 இன்ச், கூடவே பெரிய சைலன்சர்.

சைலன்சர் வாங்கும்போது வெளியே பளபளக்கும் முனையைப் பார்க்காதீர்கள். ஒரு கண்ணால் உள்ளே பாருங்கள். வட்டத் துளைகள் போட்ட குழாய் நேராக மறுபக்கம் வரை போனால் நல்லது. துளைகளுக்குப் பதில் செதில்போல் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள் தெரிந்தால், அது புகையையும் தடுக்கும். அடுத்து, கையில் தூக்கிப் பாருங்கள். உருவத்துக்கு எடை குறைவாக இருந்தால் உள்ளே ஒலியை உறிஞ்சும் இழை போதவில்லை. துளைக் குழாயை ஒட்டி ஸ்டீல் வூல் சுற்றி, அதற்கு வெளியே கண்ணாடி இழை அடைத்திருக்க வேண்டும். கண்ணாடி இழை மட்டும் இருந்தால் சூட்டில் துகளாகிப் பறந்துவிடும். தகட்டின் தடிமனையும் கேளுங்கள். 1.2 மில்லிமீட்டர் தகடு தானே அதிர்ந்து ஒலிக்கும், 1.5 அடக்கமாக இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம் கொள்ளளவு. காருக்கு அடியில் இடம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பெரிய டப்பா வாங்குங்கள். நடுவில் ஒரு ரெசனேட்டர் (ஒலியைத் தணிக்கும் சிறு டப்பா), பின்னால் ஒரு சைலன்சர் என இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

இழை அடக்குவது கீச்சென்ற உயர் ஒலியைத்தான். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அழுத்தும் "ம்ம்ம்" என்ற முழக்கம் அதற்கு அடங்காது. தலைவலிக்கிறது என்று குடும்பத்தார் சொல்வது இதைத்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,400 ஆர்.பி.எம்.மில் அது விநாடிக்கு 80 துடிப்பு. இந்த ஓர் அலைவரிசையை அழிக்க, பிரதானக் குழாயிலிருந்து பக்கவாட்டில் முனை மூடிய ஒரு குருட்டுக் குழாயைப் பற்றவைப்போம். அலை அதற்குள் போய்த் திரும்பி வந்து, அடுத்த அலையை எதிர்த்து அழிக்கும். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 300 டிகிரி சூட்டில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 480 மீட்டர் என்பதால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் வரும். ஆனால் குருட்டுக் குழாயில் புகை ஓடாமல் தேங்கி ஆறிவிடுவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே அமையும். அதனால் நீளமாக வெட்டி, கைப்பேசியில் அலைவரிசை காட்டும் செயலியைத் திறந்து வைத்து, உண்மையான சாலையில் ஓட்டிப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவோம். மூன்று சிலிண்டர் காரில் அதே ஆர்.பி.எம்.மில் 60 துடிப்புதான். குழாய் இன்னும் நீளும், இடம் கிடைப்பது கடினம். கம்பெனி சைலன்சரை விட்டுவிடுங்கள் என்று சிறிய கார்களுக்குச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

எக்ஸாஸ்ட்டின் மீது பழி விழும் வேறு சில சத்தங்களும் உண்டு. திறந்த ஏர் ஃபில்டர், காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வ், பாடியில் உரசும் குழாய், கெட்டியாகிப்போன ரப்பர் தொங்கல், புகை கசியும் இணைப்பு. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் குறைவு என்று இன்ஜினின் கணினியான ஈ.சி.யூ. தவறாக நினைத்து அதிகம் ஊற்றும்.

ரீமேப் செய்கிறவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும் சத்தம் வேண்டாம். இக்னிஷனை (தீப்பொறி விடும் நேரத்தை) தாமதப்படுத்தி, எரியாத பெட்ரோலை எக்ஸாஸ்ட்டுக்குள் எரிய விட்டுத்தான் அந்த வெடிப்பை உண்டாக்குகிறார்கள். கேட்டலிட்டிக்கின் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். இரவு பதினொரு மணிக்குத் தெருவில் தூங்கும் முதியவரை எழுப்புவதும் அந்தச் சத்தம்தான்.

வேலைக்கு முன்பும் பின்பும் சத்தத்தை அளந்து தரச் சொல்லுங்கள். புகைக்குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், இரண்டு முறையும் ஒரே இடம், ஒரே ஆர்.பி.எம். 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள், 10 கூடினால் காதுக்கே இரு மடங்காகக் கேட்கும். புதிய சைலன்சரில் இழை அமுங்கி, நாளாக ஆக ஓசை சற்று ஏறும். எனவே பொருத்திய அன்று நீங்கள் விரும்பும் அளவைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி முழுவதும் ஆறிய நிலையில், எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.