ஜெரார்டை எங்கே நிறுத்துவது?

2005 மே 25, இஸ்தான்புல். சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதி ஆட்டம். இடைவேளையில் லிவர்பூல் மூன்று கோல் பின்தங்கிக் கிடக்கிறது, எதிரே ஏசி மிலான். அன்றிரவு லிவர்பூல் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட் எங்கெல்லாம் ஆடினார் என்று மட்டும் பாருங்கள். முதல் பாதியில் நடுக்களத்தில், சாபி அலோன்சோவுக்குப் பக்கத்தில். இடைவேளைக்குப் பின் ஹமன் உள்ளே வந்து பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, ஜெரார்ட் ஒரு படி முன்னால் போகிறார். 54-வது நிமிடத்தில் தலையால் முட்டி கோல். ஆறு நிமிடம் கழித்து பெனால்டி பகுதிக்குள் பாய்ந்து, கட்டூசோ மறித்ததில் விழுந்து, சமன் செய்யும் கோலுக்கான பெனால்டியை வாங்கித் தருகிறார். கூடுதல் நேரத்தில் பார்த்தால் மனிதர் ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரர். களைப்பில்லாத கால்களோடு மிலானின் இடது ஓரத்தில் இறங்கியிருந்த செர்ஜீன்யோவை மறிக்கிற வேலை. ஒரே ஆள், ஒரே இரவு, மூன்று வேலை.

ஆறு வாரம் கழித்து அதே ஜெரார்ட் கிளப்பை விட்டுப் போகிறேன் என்றார். செல்சி 3.2 கோடி பவுண்டு தருவதாகச் சொல்லியிருந்தது. லிவர்பூல் மறுத்துவிட்டது. அப்புறம் ஒரே இரவில் மனம் மாறி, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த இடைவெளிக்குள் அவர் பெயர் போட்ட சட்டையைச் சிலர் எரித்தும் முடித்திருந்தார்கள்.

அவருடைய சரியான இடம் எது, அவர் விசுவாசியா இல்லையா என்ற இரண்டு வாதமும் இன்றைக்கும் ஓயவில்லை. முதல் வாதத்தில் அறிவியலுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டாவதில், வீரரைவிட வாதம் செய்கிற நம்மைப் பற்றித்தான் அது அதிகம் சொல்கிறது.

முதலில் கண்ணிலிருந்து தொடங்கலாம். கையை முழுக்க நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகத்தின் அளவுதான், இரண்டு டிகிரிக்குச் சற்று முன்பின். மற்றதெல்லாம் மங்கல். அந்த மங்கலையும் சேர்த்தால் இரண்டு கண்ணும் பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி வரை பார்க்கும். மீதி 160 டிகிரி முதுகுக்குப் பின்னால். அங்கே யார் வருகிறார் என்று தெரிய வேண்டுமானால் தலையைத் திருப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது இதை மைதானத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஆடுபவருக்கு முதுகுப்பக்கம் டச்லைன். கோட்டுக்கு அப்பாலிருந்து எவரும் வந்து பந்தைப் பறிக்கப் போவதில்லை. உடம்பைச் சரியாகத் திருப்பி நின்றால் ஆட்டம் மொத்தமும் அவர் கண்முன் இருக்கும். நடுக்களத்தில் நிற்பவருக்கு இந்த வசதி கிடையாது, 360 டிகிரியிலும் ஆள் வரலாம். ஸ்ட்ரைக்கருடைய சிக்கல் வேறு மாதிரி: பந்து வரும் திசையைப் பார்த்து நின்றால் கோல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே ஒருவர் வலது பக்கம் ஆடுகிறாரா நடுவில் ஆடுகிறாரா என்பது நிற்கும் இடத்தோடு முடிந்துபோகிற விஷயமில்லை. அவர் மூளைக்கு என்ன தகவல் போய்ச் சேருகிறது என்பதையும் அந்த இடமே தீர்மானித்துவிடுகிறது.

நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த கெயர் யோர்டெட் இதை எண்ணியே பார்த்தார். பிரீமியர் லீக் வீரர்கள் 118 பேரை எடுத்துக்கொண்டு, பந்து தங்களிடம் வருவதற்கு முந்தைய விநாடிகளில் எத்தனை முறை தலையைத் திருப்பி அக்கம்பக்கம் பார்க்கிறார்கள் என்று அவரது குழு கணக்கெடுத்தது. 2013-ல் முடிவு வெளியானது. அதிகம் திரும்பிப் பார்க்கிறவர்கள் முன்னோக்கிக் கொடுக்கும் பாஸ்கள் அதிகமாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தன. பட்டியலின் உச்சியில் செல்சியின் நடுக்கள வீரர் ஃபிராங்க் லாம்பார்ட், விநாடிக்கு 0.62 முறை. அடுத்த இடத்தில் 0.61-உடன் ஜெரார்ட்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பந்து ஒருவர் காலைவிட்டுக் கிளம்பி இன்னொருவர் காலுக்குப் போய்க்கொண்டிருக்கும் அந்த ஒரு விநாடிதான் தலையைத் திருப்ப நல்ல நேரம். பாதி வழியில் பந்து திசை மாறாது என்பதால் கண்ணை எடுத்தாலும் நஷ்டமில்லை. பழகிய வீரர்கள் அந்த நேரத்தில் தோளுக்கு மேலே சட்டென ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். டிவியில் இது தெரியவே தெரியாது, கேமரா பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், ஒரு வீரரின் இடத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் பத்து நிமிடமாவது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு முழு ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டுவதே அபூர்வம். மீதி நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் தீர்ப்பு மட்டும் எழுதினால் எப்படி?

சரி, விநாடிக்கு 0.61 முறை சுற்றிப் பார்க்கிற ஒருவரை நடுவில் வைப்பதுதானே நியாயம்? 2005-06-ல் பயிற்சியாளர் ரஃபா பெனிட்டெஸ் அவரை வலது பக்கம் தள்ளியபோது விமர்சகர்கள் அப்படித்தான் குமுறினார்கள். அந்தப் பருவத்தில் ஜெரார்ட் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 23 கோல் அடித்தார், சக வீரர்களே வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். வலது பக்கம் என்பது பெயருக்குத்தான். பந்து இல்லாதபோது நிற்கிற இடம் அது. பந்து கிடைத்ததும் எதிரணி லெஃப்ட் பேக்கின் பார்வைக்குப் பின்புறமாக உள்ளே நுழைந்துவிடுவார். அவர் விட்டுப்போன இடத்துக்குக் காவல் இருக்க அலோன்சோவும் சிசோகோவும் நடுவில் இருந்தார்கள். நடுக்கள வீரருக்கான தகவலைச் சேகரிக்கத் தெரிந்த ஒருவருக்கு, முதுகைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத இடம் கிடைத்தது. பலன் கோல் கணக்கில் தெரிந்தது.

இப்போது கிளப்புகள் இதைக் கணினியில் போட்டுப் பார்க்கின்றன. மைதானத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் 22 பேரின் இடத்தையும் விநாடிக்கு 25 முறை பதிவு செய்யும். பிறகு மைதானத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கேள்வி: பந்து இந்த நொடியில் இங்கே விழுந்தால் முதலில் யார் வந்து சேருவார்? ஒருவர் நிற்கும் இடம், ஓடும் திசை, வேகம், சுதாரிக்க ஆகும் நேரம் எல்லாம் கணக்கில் வரும். சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம் கிடைக்கும், சிவப்புப் பகுதி நமக்கு, நீலம் அவர்களுக்கு. ஒருவர் நான்கு அடி நகர்ந்தால் அவரைச் சுற்றியுள்ள பகுதியில் நிறம் மாறும். அந்த வரைபடத்தில் எந்த வீரருக்கும் சொந்தமாக ஒரு இடம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் எங்கே நிற்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் இவர் இடம்.

இங்கிலாந்து அணியின் கதையை இதை வைத்தால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஜெரார்டும் லாம்பார்டும் சேர்ந்து ஏன் சோபிக்கவில்லை என்று ஒரு தலைமுறையே மண்டையை உடைத்துக்கொண்டது. அகந்தை, கிளப் பகை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இருவருக்கும் பிடித்த ஓட்டம் ஒன்றுதான்: நடுவிலிருந்து தாமதமாகக் கிளம்பி பெனால்டி பகுதியின் விளிம்புக்கு வந்து சேருவது. இருவரும் ஓடினால் பின்னால் வெற்றிடம். ஒருவர் நின்றால் அவருடைய பாதி ஆட்டம் வீண். ஒரே உறையில் இரண்டு கத்தி. உறையை மாற்றாமல் கத்திகளைக் குறை சொல்லி என்ன பயன்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2008-09. முன்னால் ஃபெர்னாண்டோ டோரஸ், பின்னால் அலோன்சோவும் மஸ்கெரானோவும், நடுவே ஸ்ட்ரைக்கருக்குச் சற்றுப் பின்னால் ஜெரார்ட். லீக்கில் 16 கோல், எல்லாம் சேர்த்து 24. லிவர்பூல் லீக்கில் தோற்றது இரண்டே ஆட்டம், 86 புள்ளிகளோடு இரண்டாம் இடம். ‘இதுதான்டா அவர் இடம்’ என்று ஊரே முடிவு கட்டியது. அந்தக் கோடையில் அலோன்சோ ரியல் மாட்ரிட் போனார். அடுத்த பருவத்தில் ஜெரார்டுக்கு லீக்கில் 9 கோல், அணிக்கு ஏழாம் இடம். டோரஸின் காயங்களையும் இதில் சேர்க்க வேண்டும், பழி முழுவதையும் அலோன்சோவின் பயணத்தில் போட முடியாது. ஆனாலும் ஜெரார்ட் அதே ஜெரார்ட், அவர் நின்ற இடமும் பெரும்பாலும் அதேதான். அவரை நிமிர்ந்த நிலையில், எதிரி வந்து சேர்வதற்கு அரை விநாடி முன்னால் சந்திக்கிற பாஸைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர்மட்ட ஆட்டம் ஒன்றில் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுவார். அதில் முழுவேக ஓட்டம் சில நூறு மீட்டர் மட்டும். ஆனால் ஆட்டத்தை மாற்றுவது அந்தச் சில நூறு மீட்டர்தான். அந்தப் பாய்ச்சலுக்குத் தசை பயன்படுத்துவது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பை. சில விநாடிகளில் பெருமளவு கரைந்துவிடும், முழுக்க நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். முப்பதைத் தாண்டினால் பாய்ச்சலின் வேகமும், அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் திறனும் குறையத் தொடங்கும். பாஸ் கொடுக்கும் காலும் சுற்றிப் பார்க்கும் பழக்கமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. 2013-14-ல் பயிற்சியாளர் பிரெண்டன் ராஜர்ஸ் 33 வயது ஜெரார்டைத் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் இறக்கி நிறுத்தியதற்கு இதுதான் அடிப்படை. அந்தப் பருவம் அணி லீக்கில் 101 கோல் அடித்தது, இரண்டு புள்ளியில் பட்டத்தை விட்டது. செல்சிக்கு எதிராக அவர் வழுக்கி விழுந்த அந்த நொடியைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே இடத்திலிருந்து அவர் அனுப்பிய நீண்ட பாஸ்கள் யார் நினைவிலும் இல்லை.

இனி விசுவாசம். 1970 வாக்கில் பிரிஸ்டலில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளி மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். உங்களுக்கு க்ளேயின் ஓவியம் பிடித்திருக்கிறது, அவர்களுக்கு கண்டின்ஸ்கியின் ஓவியம் என்று ஒரு சாக்கு. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. பிறகு யாருக்கு எவ்வளவு காசு என்று பங்கிடச் சொன்னார். பையன்கள் தன் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு: இரண்டு குழுவுக்குமான வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்றால், தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள். பார்த்தே இராத ஆட்களுக்காக இவ்வளவு. அப்பா காலத்திலிருந்து ஆதரிக்கிற கிளப் என்றால் கேட்கவே வேண்டாம்.

1976-ல் வெளியான ஆய்வில் ராபர்ட் சியால்டினியின் குழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்னொன்றைக் கவனித்தது. தங்கள் அணி ஜெயித்த வாரக் கடைசிக்கு அடுத்த திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வருகிறவர்கள் அதிகம். பேச்சிலும் அதே கதை. ஜெயித்தால் ‘நாம் ஜெயித்தோம்’, தோற்றால் ‘அவர்கள் தோற்றார்கள்’. இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை. 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான், அதை அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் உடம்பும் ஆட்டத்தில் இருந்தது என்பது ரசிகர் எவருக்கும் புதுச் செய்தியாக இருக்காது.

ஆகவே வீரர் கிளப் மாறும்போது ரசிகர் காண்பது வேலை மாற்றத்தை அல்ல. ‘நாம்’ என்ற சொல்லுக்குள் இருந்த ஒருவர் எழுந்து ‘அவர்கள்’ பக்கம் போகிறார். வீரருக்கோ அது வேலைதான். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவர் இலவசமாகவே இன்னொரு கிளப்புக்குப் போகலாம். அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதுதான் பேரத்தின் கடிகாரம். ஆண்டு குறையக் குறைய விற்கும் கிளப்பின் கை தாழும், வீரரின் கை ஓங்கும்.

அப்படியானால் விசுவாசத்தை அளக்கவே முடியாதா? பொருளாதாரத்தில் ஒரு கருத்து இருக்கிறது: செலவு பிடிக்கிற செய்கைதான் செய்தி சொல்லும். எல்லோராலும் சும்மா செய்துவிட முடிகிற காரியம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. கோல் அடித்துவிட்டு சட்டையிலுள்ள சின்னத்தை முத்தமிடுவதற்கு ஒரு பைசா செலவில்லை, அதனால் அதற்கு மதிப்பும் இல்லை. 2005-ல் செல்சி லீக் சாம்பியன், அடுத்த ஆண்டும் அதுவே சாம்பியன். வீரராக ஜெரார்ட் கடைசிவரை லீக் பட்டத்தைத் தொடவே இல்லை. ஆசை காட்டப்படாமலே தங்கியவரைவிட, கதவு வரை போய்த் திரும்பி வந்தவர் கொடுத்த விலை அதிகம் என்பது என் கட்சி. சட்டையை எரித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கதையின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டது கிளப்தான். 2014 கோடையில் ஜெரார்டுக்கு 34 வயது, ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சம். புது ஒப்பந்தம் அவர் முன்னால் வந்தபோது பருவம் தொடங்கிப் பல வாரம் ஆகிவிட்டது. பருவத்துக்கு முன்பே நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று பின்னால் அவரே சொன்னார். 2015 ஜனவரியில், பருவ முடிவில் விடைபெறுகிறேன் என்று அறிவித்தார். லிவர்பூலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம், 710-வது, ஸ்டோக் சிட்டி மைதானத்தில். லிவர்பூல் 6-1 என்று தோற்றது. அந்த ஒரு கோல் அவருடையது.