ஜிஞ்சர்பிரெட் வீடு எப்போது நமத்துப்போகும்?

நார்வேயின் பெர்கன் நகரம் மழைக்குப் பேர்போனது. அங்கே 1991 முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் சுட்டுக் கொண்டுவரும் பிஸ்கட் வீடுகளை அடுக்கி, ஒரு குட்டி நகரத்தையே எழுப்பிவிடுகிறார்கள். பெப்பர்காக்கெபீயன் என்று பெயர். பெப்பர்காக்கெ என்றால் மிளகு கேக்; இஞ்சி சேர்த்துச் சுடும் இனிப்பு பிஸ்கட்டான நம் ஜிஞ்சர்பிரெட்டின் நார்வே உறவு. ‘நம்’ என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. ஜிஞ்சர் என்ற சொல்லே தமிழின் ‘இஞ்சி வேர்’ பாலி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர் சுற்றித் திரிந்து உருமாறியது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

டப்பாவைத் திறந்து வைத்த முறுக்கு நம் வீட்டில் ஒரே நாளில் நமத்துப்போகிறது. மழை ஊரில் மாவும் சர்க்கரையுமான வீடுகள் வாரக்கணக்கில் விறைப்பாக நிற்கின்றன. எப்படி?

சுவரிலிருந்து தொடங்குவோம். தின்பதற்கான ஜிஞ்சர்பிரெட் மெத்தென்று உப்ப வேண்டும். சுவருக்கானது உப்பவே கூடாது. சோடா உப்பு கூடினால் அடுப்பில் ஓரங்கள் பிதுங்கி, அட்டை வைத்து நேராக வெட்டிய சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அதனால் வீடு கட்டும் மாவில் சோடாவைக் குறைப்பார்கள், அல்லது விட்டேவிடுவார்கள். கொஞ்சம் நிறம் குறையும், ஏனென்றால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் மெயிலார்ட் வினையைச் சோடாவின் காரத்தன்மை விரைவுபடுத்துகிறது. போகட்டும், சுவர் நேராக இருந்தால் போதும்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் அந்தத் தகடு வளையும். பத்து நிமிடம் கழித்துத் தட்டினால் ஓடு மாதிரி ஒலிக்கும். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுபவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டெடுத்துத் தட்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும் என்பார்களே, அதே பதம்தான். தண்ணீர் அநேகமாக வெளியேறிய பாகு ஆறும்போது, படிகமாக அடுக்கிக்கொள்ள அவகாசம் இல்லாமல் அப்படியே உறைந்து கண்ணாடி நிலைக்குப் போகிறது. பிஸ்கட்டின் மாவுத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சர்க்கரைக் கண்ணாடி. ஓரம் சீவுவதாக இருந்தால் சூடு ஆறுவதற்குள் சீவ வேண்டும். அப்புறம் கத்தி வைத்தால் விரிசல்தான்.

அடுத்தது கலவை. சுவர்களை ஒட்டவைக்கும் சர்க்கரைக் குழம்பான ராயல் ஐசிங்கில் சரக்கு இரண்டே: முட்டை வெள்ளைக்கரு, பொடித்த ஐசிங் சர்க்கரை. ஒரு வெள்ளைக்கரு சுமார் 30 கிராம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அறைச் சூட்டில் தண்ணீர் தன் எடையைப் போல் இரு மடங்கு சர்க்கரையைக் கரைக்கும். அப்படியானால் அந்த வெள்ளைக்கருவில் கரையக்கூடியது 55 கிராம்போலத்தான். நாம் கொட்டுவதோ 200 கிராமுக்கு மேல். மீதி கரையாமல் நுண்ணிய மணலாகவே கிடக்கிறது. கொத்தனார் குழைக்கும் கலவையேதான் இது: மணலாகக் கரையாத சர்க்கரை, சிமெண்டாக அடர்ந்த பாகு. தண்ணீர் ஆவியாகும்போது கரைந்திருந்த சர்க்கரை படிகமாகி, மணலுக்கு மணல் பாலம் போடுகிறது. அடித்த வெள்ளைக்கருவின் புரதங்கள் சுருள் பிரிந்து வலையாகிக் காற்றுக் குமிழ்களைப் பிடித்துக்கொள்வதால், பையில் வைத்துப் பிதுக்கினால் ஓடும் ஐசிங், கையை எடுத்ததும் பற்பசைபோல நின்றுவிடும். பாத்திரத்தில் துளி நெய்ப்பசையோ மஞ்சள் கருவோ இருந்தால் இந்த வலை பின்னாது. பிள்ளைகள் விரல் நக்கப்போவது உறுதி என்பதால் பச்சை முட்டையை விட, பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருப் பொடி நல்லது.

வெள்ளைக்கருவைச் சுவரில் பூசுவது விசித்திரமாகத் தோன்றலாம். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு அதுவும் சேர்ந்ததுதான். சிமெண்டோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உண்டு. சிமெண்ட் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு இறுகும், அதனால் நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறோம். ஐசிங் இறுகத் தண்ணீர் வெளியேறியாக வேண்டும். இரண்டு சுவருக்கு இடையே மாட்டிய ஐசிங்குக்கு வெளியேற வழி குறுகல். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

பார்ட்டிகளில் வீடு சரிவது பெரும்பாலும் இதனால்தான். கட்டுவதையும் அலங்கரிப்பதையும் ஒரே மணி நேரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கூரைப் பலகை இரண்டு வேலை செய்கிறது: சரிவில் கீழே வழுக்கப் பார்க்கிறது, சுவரை வெளிப்பக்கம் தள்ளவும் பார்க்கிறது. கூரையைச் செங்குத்தாக்கினால் தள்ளல் குறைந்து வழுக்கல் கூடும், தட்டையாக்கினால் நேர்மாறு. எந்தக் கோணத்திலும் ஈர ஐசிங் தோற்கும். முந்தைய நாள் காலையில் சுவர்களை நிறுத்தி, மாலையில் கூரை வைத்து, சென்ட்ரிங் மாதிரி இறவாரத்துக்கு அடியில் ஜாம் பாட்டில்களை முட்டுக் கொடுத்து, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் வரும்போது கட்டி முடித்த வீடு காத்திருக்கட்டும். அவசரமென்றால் காய்ச்சிய சர்க்கரைப் பாகு நொடிகளில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சமாச்சாரம், கையில் ஒட்டினால் தோலோடு வரும். பிள்ளைகள் இருக்கும் மேஜைக்கு அது வேண்டாம்.

பனி என்று சொல்லிக் கூரை முழுக்க ஐசிங்கைத் தடிமனாக அப்புவதும் வம்பு. அதன் தண்ணீர் பாதி காற்றுக்கும் பாதி பிஸ்கட்டுக்கும் போகிறது. ஈரம் ஏறிய சர்க்கரைக் கண்ணாடி அறைச் சூட்டிலேயே ரப்பர்போல இளகிவிடும். நமத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான். மாலையில் அழகாக இருந்த கூரை மறுநாள் காலை நடுவில் தொய்ந்திருக்கும்.

இப்போது பெர்கன். வெளியே 2 டிகிரிக் குளிர். அந்தக் காற்று முழுக்க நனைந்திருந்தாலும் கன மீட்டருக்குச் சுமார் 5.5 கிராம் தண்ணீரைத்தான் தாங்கும். அதையே உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் 18 கிராம் தாங்கும் அளவுக்குப் பசி வந்துவிடுகிறது. கையில் இருப்பதோ 5.5. ஈரப்பதம் 30 சதவீதம். வெளியே கொட்டும் மழைக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காற்று பிஸ்கட்டுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். சென்னையின் டிசம்பரில் 25 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் கன மீட்டருக்குச் சுமார் 18 கிராம் தண்ணீர் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது.

இங்கே கட்ட ஆசைப்பட்டால் ஏசி அறையில் கட்டலாம், ஏசி காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து வெளியே சொட்டவிடும். ஏசியை அணைத்த பிறகு பிஸ்கட் வீட்டின் ஜன்னலைக் கவனியுங்கள். மிட்டாயை நொறுக்கி, ஜன்னல் ஓட்டையில் நிரப்பி, அடுப்பில் உருக்கிய கண்ணாடி அது. கலப்பில்லாத சர்க்கரை என்பதால் ஈரத்தை முதலில் பிடிப்பது அதுதான். விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டுகிறதா? அடுத்தது கூரை. அன்றைக்கே காபியோடு தின்றுவிடலாம்.