கை முழுக்க மாவு, பாட்டை யார் மாற்றுவது?

சனிக்கிழமை சாயங்காலம் இட்லி மாவை உப்புப் போட்டுக் கையால் கரைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் செல்போன் பாடிக்கொண்டிருந்தது. நடுவில் பிடிக்காத பாட்டு ஒன்று வர, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கும் ரிமோட்டை முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினேன். மாறியது. அப்புறம் பெரியம்மா ஏதோ வீடியோ அனுப்பியிருந்தார். கை கழுவிவிட்டு வந்து பாட்டை நிறுத்தி அதைப் பார்த்தேன். திரும்பப் போய் மாவில் கையை விட்டபடி, சரி, நின்ற பாட்டு ஓடட்டும் என்று ரிமோட்டைத் தட்டினால், ஹாலிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "மேஷ ராசி அன்பர்களே!"

ரிமோட் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. பாட்டு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

அதிரசம் அளவில் வட்டமாக இருக்கும் ரிமோட் இது. ஐந்து பட்டன். உள்ளே சிஆர் 2032 என்ற நாணய வடிவப் பேட்டரி. எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மூன்று வோல்ட் தரும். டிவி ரிமோட் மாதிரி இது அகச்சிவப்பு ஒளியில் பேசுவதில்லை. டிவி ரிமோட்டின் முனையில் இருக்கும் குட்டி விளக்கு பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை என்ற கணக்கில் துடித்துச் செய்தி சொல்லும். குறுக்கே ஆள் நின்றாலே செய்தி போகாது. சில போன்களில் அந்த விளக்கு உண்டு. ஆனால் அது டிவிக்குச் சொல்வதற்கு, போன் கேட்டுக்கொள்வதற்கு அல்ல. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர் வேறு இருக்கிறது. எனவே ரேடியோ அலை, அதாவது புளூடூத்.

பட்டனை அழுத்தியதும் ரிமோட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சிப் விழிக்கிறது. அது அனுப்புவது வெறும் ஓர் எண். 205 என்றால் ஓட்டு அல்லது நிறுத்து. 181 அடுத்த பாட்டு, 182 முந்தைய பாட்டு. 233 ஒலியைக் கூட்டு, 234 குறை. கம்ப்யூட்டர் கீபோர்டும் மவுஸும் யுஎஸ்பி கம்பியில் பேசுவதற்காக வகுத்த பட்டியலில் உள்ள எண்கள் இவை. புளூடூத்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் 'விட்டாச்சு' என்று இன்னொரு செய்தி போகும். அவ்வளவுதான். போனின் கண்ணுக்கு இந்த ரிமோட் ஐந்தே விசை உள்ள ஒரு கீபோர்டு. இதனால்தான் சில போன்களில் இப்படி ஒரு ரிமோட்டை இணைத்ததும் திரையில் வரும் கீபோர்டு வராமல் போய்விடுகிறது. 'நிஜக் கீபோர்டுதான் இருக்கிறதே' என்று போன் நினைத்துக்கொள்கிறது.

ஒருமுறை ஜோடி சேர்க்கும்போதே ரிமோட்டும் போனும் ரகசியச் சாவி ஒன்றைப் பேசிவைத்துக்கொள்கின்றன. பிற்பாடு அனுப்பும் எண்ணெல்லாம் அந்தச் சாவியால் பூட்டித்தான் போகும். பக்கத்து வீட்டுப் போன் அதைக் கேட்டாலும் ஒன்றும் புரியாது.

நெரிசல்தான் அடுத்த தொல்லை. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் வைஃபையும் நடமாடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் கசிகிறது. ஒரே இடத்தில் நின்று பேசினால் காது கேட்காது. எனவே இரண்டு பேரும் பேசிவைத்த வரிசையில் 37 அலைவரிசைகளுக்குள் தாவித் தாவிப் பேசுகிறார்கள். இப்படித் தாவிப் பேசும் யோசனைக்கு 1942லேயே காப்புரிமை வாங்கியவர்கள் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும். அதுவும் ஒரு ரிமோட்டுக்காகத்தான்: நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் ஓட்ட வேண்டும். தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளை வைத்து அலைவரிசை மாற்றலாம் என்றார்கள். எத்தனை அலைவரிசை? பியானோவின் விசைகளைப் போலவே 88.

ரொம்ப நேரம் தொடாமல் விட்டு அழுத்தினால் முதல் அழுத்து வீணாகிறதே, ஏன்? பேட்டரியை மிச்சம் பிடிக்க ரிமோட் இணைப்பையே துண்டித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கும். அழுத்தியதும் எழுந்து, இதற்கென்றே ஒதுக்கிய 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கூவும். வைஃபை அதிகம் புழங்கும் இடங்களை விட்டு ஒதுங்கித்தான் இந்த மூன்றையும் பொறுக்கியிருக்கிறார்கள். போன் அதைக் கேட்டு, அடையாளம் கண்டு, இணைந்து முடிப்பதற்குள் அந்த முதல் எண் தொலைந்துபோகலாம். இரண்டாவது தடவை அழுத்தினால் சரியாகிவிடும்.

இனி மேஷ ராசி. 205 போனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை எந்தச் செயலியிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பது போனின் இயங்குதளம். ஆண்ட்ராய்டில், பாட்டோ பேச்சோ ஓட்டும் செயலிகள் 'பட்டன் வந்தால் என்னிடம் தா' என்று முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு முதலிடம். எதுவுமே ஓடவில்லை என்றால், கடைசியாக ஒலி எழுப்பியது எதுவோ அதற்கு. என் போனில் கடைசியாகப் பேசியவர் ஜோசியர். அவரையே எழுப்பிவிட்டது.

காதில் மாட்டும் புளூடூத் இயர்போனும் கார் ஸ்டீரியோவும் வேறு மொழி பேசுகின்றன. வீடியோ கேமராக்களை இணைத்த ஃபயர்வயர் கம்பிக்காக எழுதிய கட்டளைகளிலிருந்து வந்த மொழி அது. அதில் ஓட்டு என்பதற்கு எண் 68, நிறுத்து என்பதற்கு 70, தனித்தனியாக. போனும் பதில் பேசும் என்பதால்தான் காரின் திரையில் பாட்டின் பெயர் வருகிறது. என் அதிரசத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாட்டு ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்பதுகூடத் தெரியாமல், இரண்டுக்கும் ஒரே 205ஐத்தான் அனுப்புகிறது.

எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது போன்தான் என்பதைச் சோதித்துப் பார்க்க ஆசையா? போனில் கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் படம் விழும். செல்ஃபி குச்சியில் வரும் பட்டன்களில் பலவும் அனுப்புவது இதே 233தான். டிராயரில் கிடந்த பழைய செல்ஃபி பட்டனைத் தேடி எடுத்துப் பாட்டு ஓடும்போது அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தது. ஒரே பட்டன் என்பதால் சத்தத்தைக் கூட்ட மட்டுமே முடிந்தது. குறைக்க, மாவுக் கையோடு ஹாலுக்கு ஓட வேண்டியதாயிற்று.