தண்ணீர் தெற்கே, மக்கள் வடக்கே: லிபியாவின் கதை

2020 ஏப்ரலில் திரிப்போலி நகரத்துக் குழாய்கள் வறண்டன. மழை பொய்க்கவில்லை, ஏரி எதுவும் வற்றவில்லை. நகரத்துக்குத் தெற்கே பாலைவனத்தில் ஷுவைரிஃப் என்ற இடத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையத்தை ஓர் ஆயுதக் குழு பிடித்துக்கொண்டு தண்ணீரை அடைத்துவிட்டது. கொரோனா ஊரடங்கு வேறு. கையைக் கழுவுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஒரு தலைநகரத்தைப் பணியவைக்க ஒரு வால்வு போதும் என்ற நிலை எப்படி வந்தது என்று தேடிப் போனால், லிபியாவின் நிலம், வரலாறு, அரசு மூன்றையும் தொடாமல் திரும்ப முடியாது.

நிலத்திலிருந்து தொடங்குவோம். லிபியாவின் பரப்பு சுமார் 17.6 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் பாதிக்குச் சற்று மேல். மக்கள்தொகையோ 70 லட்சத்தை ஒட்டித்தான். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பாலைவனம்.

காரணம் காற்று. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடாகி மேலெழும் காற்று தன்னிடமுள்ள ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. பிறகு உயரத்திலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும். அதில் மேகம் திரளாது. லிபியாவின் பெரும்பகுதி இந்த இறங்கு காற்றுக்கு நேர் கீழே கிடக்கிறது. தென்கிழக்கே குஃப்ராவில் ஆண்டு மழை சில மில்லிமீட்டர்கூடத் தேறாது. குளிர்காலத்தில் மட்டும் இந்தக் காற்று வளையம் தெற்கே விலக, மத்தியதரைக் கடலின் மழைமேகங்கள் கரையை எட்டிப் பார்க்கின்றன. அதனால் திரிப்போலியைச் சுற்றியுள்ள சமவெளிக்கும், கிழக்கே ‘பசுமை மலை’ எனப்படும் ஜபல் அல்-அக்தருக்கும் கொஞ்சம் மழை உண்டு. பத்தில் ஒன்பது லிபியர்கள் இந்தக் கரையோரத்தில்தான் வாழ்கிறார்கள்.

(திரிப்போலிக்குத் தெற்கே அல்-அஸிஸியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானதாகத் தொண்ணூறு ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அனுபவமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்கலாம் என்று கூறி உலக வானிலை அமைப்பு 2012இல் அந்தச் சாதனையை ரத்து செய்துவிட்டது. பொது அறிவுப் போட்டிகளில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.)

வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கரையோரமும் ஒரே துண்டாக இல்லை. நடுவில் சிர்த் வளைகுடா உள்ளே குழிந்து இறங்க, அங்கே பாலைவனம் நேராகக் கடலைத் தொடுகிறது. மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வறண்ட இடைவெளி. மேற்கே திரிப்பொலித்தானியா, கிழக்கே சிரெனைக்கா, தெற்கே பாலைச்சோலைகளின் ஃபெஸ்ஸான் என்று மூன்று தனித்தனி உலகங்கள் உருவானதற்கு இந்த நில அமைப்பே காரணம். மேற்கில் ஃபினீசியர்கள் துறைமுகங்கள் அமைத்தார்கள். பின்னாளில் ரோமப் பேரரசன் செப்டிமியஸ் செவெரஸ் பிறந்த லெப்டிஸ் மாக்னா அவற்றில் ஒன்று. கிழக்கில் கிரேக்கர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் சிரீன் நகரத்தை நிறுவினார்கள். ஆக, மேற்கு ஃபினீசியர்களின் இன்னொரு நகரமான, இன்றைய துனீசியாவிலுள்ள கார்த்தேஜைப் பார்த்தது, கிழக்கு கிரேக்கத்தையும் எகிப்தையும் பார்த்தது.

தெற்கில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு. கராமந்தர்கள் என்ற மக்கள் இன்றைய ஜெர்மாவைத் தலைநகராகக் கொண்டு, மழையே இல்லாத ஃபெஸ்ஸானில் ஓர் அரசையே நடத்தினார்கள். குன்றின் அடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் மட்டத்துக்குக் கிணறு தோண்டி, அங்கிருந்து மிக மெல்லிய சரிவோடு தரைக்கடியில் சுரங்கக் கால்வாய் வெட்டி, பள்ளத்தாக்கு வயல்வரை கொண்டுவந்தார்கள். ஃபொக்கரா என்று இதற்குப் பெயர். வழிநெடுக மண்ணை வெளியே எடுக்கவும் தூர் வாரவும் செங்குத்துத் துளைகள். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம், தண்ணீர் தானாக ஓடிவரும். இப்படிப்பட்ட கால்வாய்கள் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஆனால் எடுத்த நீருக்கு ஈடாக மேலிருந்து எதுவும் இறங்கவில்லை. நீர்மட்டம் தாழத் தாழச் சுரங்கத்தை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. அந்த அரசு தேய்ந்ததற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று என்கிறார்கள் தொல்லியலாளர்கள்.

அப்புறம் ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வந்தன, 1551இல் ஒட்டோமான் துருக்கியர் திரிப்போலியைப் பிடித்தார்கள், 1911இல் இத்தாலி படையெடுத்தது. விமானத்திலிருந்து எதிரிமேல் குண்டு போட்ட முதல் நிகழ்வு அந்தப் போரில்தான் நடந்தது. கிழக்கில் எதிர்ப்பை நடத்திய உமர் அல்-முக்தார் 1931இல் தூக்கிலிடப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி போய், மேற்கையும் கிழக்கையும் பிரிட்டனும் தெற்கைப் பிரான்சும் நிர்வகித்தன. 1951 டிசம்பர் 24 அன்று ஐ.நா. வழியாக விடுதலை கிடைத்தது. மன்னர் இத்ரீஸின் கீழ் மூன்று மாகாணங்கள் சேர்ந்த கூட்டாட்சி. அதற்குத் தலைநகரங்களே இரண்டு, திரிப்போலியும் பெங்காசியும். எந்த ஊரையும் விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1959இல் பெரிய அளவில் எண்ணெய் கிடைத்தது. 1963இல் கூட்டாட்சியைக் கலைத்து ஒற்றையாட்சி கொண்டுவந்தார்கள். 1969 செப்டம்பர் 1 அன்று 27 வயதான ராணுவ அதிகாரி முஅம்மர் கடாஃபி மன்னராட்சியைக் கவிழ்த்தார்.

எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்குத் தெற்கே இன்னொன்றும் அகப்பட்டது: நல்ல தண்ணீர், அதுவும் கடல் போல. நியூபிய மணற்கல் நீர்த்தேக்கம் என்று அதை அழைக்கிறார்கள். லிபியா, எகிப்து, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளுக்கு அடியில் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் நுண்துளைப் பாறை அது. குகையோ நிலத்தடி ஏரியோ இல்லை, மணல் துகள்களின் இடுக்குகளில் ஊறிக்கிடக்கும் நீர். மொத்தம் ஏறக்குறைய 1.5 லட்சம் கன கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள்.

மழையில்லாத ஊரில் அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலைசுற்றுவதால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வட ஆப்பிரிக்காவின் கோடை வெயில் கூடிக் குறைகிறது. வெயில் கூடும் காலத்தில் பருவமழை சகாராவுக்குள் வெகுதூரம் ஏறி வரும். கடைசியாக அப்படி நடந்தது ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு. அல்ஜீரிய எல்லையருகே தத்ரார்த் அக்காகஸ் மலைப் பாறைகளில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மாட்டு மந்தைகளும் ஓவியமாக இருப்பது அந்தக் காலத்தின் சாட்சி. அப்போதும் அதற்கு முந்தைய ஈரமான காலங்களிலும் இறங்கிய மழைதான் கீழே தங்கிவிட்டது. நீரில் கரைந்துள்ள, காலம் போகப்போகச் சிதைந்து குறையும் கார்பன்-14ஐ அளந்து, லிபியாவில் இந்நீரின் வயது பெரும்பாலும் பல்லாயிரம் ஆண்டுகள் என்று கண்டிருக்கிறார்கள். எகிப்தின் பாலைச்சோலைகளில் அதைவிட மெதுவாகச் சிதையும் கிரிப்டான்-81ஐ வைத்து அளந்தபோது, சில கிணறுகளின் நீர் ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுப் பழையது என்று தெரிந்தது.

இதே சமயம் வடக்கே கடற்கரைக் கிணறுகள் உப்பேறிக்கொண்டிருந்தன. கடல்நீரைவிட நன்னீர் லேசானது. கரையோரத்தில் நன்னீர் கடல்நீர்மேல் மிதக்கிறது. இரண்டின் அடர்த்திக்கும் வித்தியாசம் 40இல் ஒரு பங்குதான். ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: பம்பு போட்டு நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரும். திரிப்போலியைச் சுற்றியுள்ள ஜெஃபாரா சமவெளியில் நடந்தது இதுதான்.

தெற்கின் நீரை வடக்கே கொண்டுவருவதுதான் கடாஃபியின் தீர்வு. ‘மனிதன் உருவாக்கிய மாபெரும் ஆறு’ என்று பெயர் சூட்டி 1984 ஆகஸ்டில் கிழக்குப் பாலைவனத்தில் சரீர் என்ற இடத்தில் அடிக்கல் நாட்டினார். 1991இல் தாஸர்போ, சரீர் கிணறுகளின் நீர் பெங்காசிப் பக்கம் வந்தது. 1996இல் தென்மேற்கே ஜபல் ஹஸூனாவின் நீர் திரிப்போலியை எட்டியது. (இது நியூபியத் தேக்கம் இல்லை, மேற்கே உள்ள வேறு படுகை.) 1,300க்கும் மேற்பட்ட கிணறுகள்; பெரும்பாலானவை 500 மீட்டருக்கும் ஆழமானவை. முழுத் திட்டமும் ஓடினால் நாளொன்றுக்கு 65 லட்சம் கன மீட்டர் என்பது வடிவமைப்பு. கிணற்றிலிருந்து மேலேற்ற மோட்டார் வேண்டும். ஆனால் கிழக்குப் பாதையில் தெற்கு உயரம், வடக்கு தாழ்வு என்பதால், மேலே வந்த நீர் அஜ்தாபியா தேக்கம்வரை தன் பாரத்தாலேயே ஓடுகிறது. திறந்த கால்வாய் வெட்டியிருந்தால் வெயில் குடித்தது போக மீதியை மணல் மூடியிருக்கும். அதனால் எல்லாமே புதைகுழாய்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். விட்டம் 4 மீட்டர், நீளம் 7.5 மீட்டர், எடை 70 டன்னுக்கும் மேல். இரும்பில் செய்தால் செலவு தாங்காது, கான்கிரீட்டில் செய்தால் உள்ளே நீரின் அழுத்தத்தில் விரிந்து வெடித்துவிடும். கான்கிரீட் நசுக்குவதைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே மெல்லிய இரும்பு உருளை பொதிந்த கான்கிரீட் குழாயின்மேல், உறுதியான எஃகுக் கம்பியை நல்ல இழுவிசையில் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின்மேல் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை, ஆறியதும் மரத்தை இறுக்கிப் பிடிப்பது மாதிரி, கம்பி குழாயை முன்கூட்டியே உள்நோக்கி நெருக்குகிறது. நீர் வெளிநோக்கித் தள்ளும்போது அந்த நெருக்கம்தான் தளருமே தவிரக் கான்கிரீட் விரிசல் விடாது.

கம்பி இருக்கும்வரை சரி. பாலைவன மண்ணில் எப்போதாவது விழும் ஈரம் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிவிடும். அந்த உப்பின் குளோரைடு சிமெண்ட் பூச்சைத் தாண்டிக் கம்பியை அரித்தது. 1999இலிருந்து குழாய்கள் வெடிக்கத் தொடங்கின. அதன்பின் கம்பி அறுபடும் சத்தத்தைக் குழாய்க்குள்ளேயே கேட்டுப் பதியும் கருவிகளை வைத்து, எந்தத் துண்டு பலவீனமாகிறது என்று கண்காணித்து மாற்ற ஆரம்பித்தார்கள். கடாஃபிக்கு எதிரான கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 2011 ஜூலையில், மாற்றுக் குழாய் செய்யும் பிரேகா ஆலையின் மீது நேட்டோ குண்டு போட்டது. அங்கே ராணுவம் பதுங்கியிருந்தது என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

தண்ணீர் எத்தனை காலம் வரும் என்ற கேள்விக்கு வகுத்தல் கணக்குப் போட்டு ஏமாறக் கூடாது. ஆண்டுக்கு 2.4 கன கிலோமீட்டர் எடுத்தால் 1.5 லட்சம் கன கிலோமீட்டர் அறுபதாயிரம் ஆண்டுக்கு வரும் என்று கணக்கு சொல்லும். ஆனால் பாறையிடுக்கில் நீர் மிக மெதுவாக நகரும். எடுக்கும் இடத்தைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் குழிந்துகொண்டே போகும். தேக்கம் வற்றுவதற்கு வெகுமுன்பே, அந்த ஆழத்திலிருந்து ஏற்றும் மின்சாரச் செலவு கட்டுப்படியாகாமல் போய்விடும். குஃப்ராவில் வானிலிருந்து பார்த்தால் தெரியும் பச்சை வட்ட வயல்களுக்கும் இதே தலைவிதிதான். அழிந்த கராமந்தர்களிடமும் இதையே கேட்டிருக்கலாம்.

எண்ணெய்ப் பணத்தில் நடந்த இந்தத் திட்டம் மூன்று மாகாணங்களையும் இணைத்தது உண்மை. ஆனால் அதை நடத்த ஒரு மையம் வேண்டுமே? ஏற்கெனவே கட்சிகளைத் தடைசெய்திருந்த கடாஃபி, 1977இல் நாட்டை ‘ஜமாஹிரியா’ (மக்கள் திரளின் ஆட்சி) என்று அறிவித்து, மக்கள் மன்றங்களே ஆள்வதாகச் சொன்னார். உண்மையில் எல்லா முடிவும் அவரிடம். அதனால் 2011 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டபோது, விழுந்த ஆட்சிக்கு அடியில் தாங்க நிர்வாகம் என்று அதிகம் இருக்கவில்லை. 2014 தேர்தலுக்குப் பின் அரசு இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடம் பழைய சிர்த் இடைவெளிதான். திரிப்போலியில் ஐ.நா. ஆதரவு பெற்ற அரசு. 2021இலிருந்து பிரதமர் அப்துல் ஹமீத் திபைபா. கிழக்கே நாடாளுமன்றமும் அது அமைத்த வேறோர் அரசும். அங்கே உண்மையான பலம் ராணுவத் தளபதி கலீஃபா ஹஃப்தாரின் படையிடம். 2021 டிசம்பருக்கு அறிவித்த தேர்தல் நடக்கவே இல்லை.

நாடு முழுதாக உடையாமல் இருப்பதற்குக் காரணம் சட்டமல்ல, காசோலை. எண்ணெய் ஏற்றுமதிப் பணம் திரிப்போலியிலுள்ள மத்திய வங்கிக்குப் போய், அங்கிருந்து இரு தரப்பு ஊழியர்களுக்கும் சம்பளமாக இறங்குகிறது. கிணறும் ஏற்றுமதித் துறைமுகமும் பெரும்பாலும் சிர்த் வளைகுடாவைச் சுற்றி, கிழக்கின் பிடியில். ஆக, ஒருவர் எண்ணெயை அடைப்பார், மற்றவர் பணத்தை அடைப்பார். தெற்கே இருப்பவர்களிடம் தண்ணீர் வால்வு இருக்கிறது. ஷுவைரிஃபில் நடந்தது அந்த வழக்கத்தின் இன்னொரு வடிவம்.

பராமரிப்பு என்பது இந்த இழுபறியில் யார் பொறுப்பிலும் இல்லை. அதன் விலை 2023 செப்டம்பர் 10 இரவு தெரிந்தது. ‘டேனியல்’ புயல் ஜபல் அல்-அக்தரில் மோதி, அல்-பைதாவில் 24 மணி நேரத்தில் 414 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. டெர்னா நகரத்துக்கு மேலே வறண்ட ஓடையில் 1970களில் கட்டிய இரண்டு அணைகள் இருந்தன. விரிசல் பற்றிய எச்சரிக்கையும் பழுதுபார்ப்பு ஒப்பந்தமும் பல ஆண்டுப் பழையவை. அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, நகரத்தின் நடுப்பகுதியையே கடலுக்குள் தள்ளின. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2024 ஜூலையில் டெர்னா நீதிமன்றம் நீர்வளத்துக்கும் அணை நிர்வாகத்துக்கும் பொறுப்பாக இருந்த 12 அதிகாரிகளுக்கு 9 முதல் 27 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதித்தது. அவர்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டிய இரண்டு அரசுகளும் இன்றும் பதவியில் இருக்கின்றன.